டீச்சரின் கையில் எத்தனை பொத்தான்களைக் கொடுப்பது?

கல்லடித் தம்பி எழுதியது:

இணையப் பக்கம் வடிவமைக்கும் கருவிகளோடு மல்லுக்கட்டியவர்களிடம் யோசனை கேட்க வந்திருக்கிறேன். கதை கொஞ்சம் நீளம். நடந்ததைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டால் "அந்தப் பிளகினைப் போடு, இந்தப் பிளகினைப் போடு" என்றுதான் பதில் வரும். அந்தத் துணை மென்பொருள்களையெல்லாம் போட்டுப் பார்த்துக் கை சுட்ட பிறகுதான் வந்திருக்கிறேன்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கிராமத்து நலன்புரிச் சங்கத்துக்கு, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இணையத்தளம் செய்து கொடுத்தேன். சங்கத்து ஆட்களில் பாதிப் பேர் ஊரில், மீதிப் பேர் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் தளத்துக்கு வருவது மரண அறிவித்தல் பார்க்க; அம்மன் கோயில் சடங்கு எந்தத் திகதியில் தொடங்குகிறது என்று பார்க்க; ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளின் படம் பார்க்க. "எமது நோக்கு", "எமது பணிகள்" என்று நான் பாடுபட்டுச் செய்த பக்கங்களை நானும் கூகுளும் மட்டும்தான் திறக்கிறோம்.

தளத்தைத் தினமும் கவனிப்பது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஊருக்கே அவர் டீச்சர். எனக்குப் பின்னக் கணக்குப் படிப்பித்தவர். ஆகவே "டீச்சர், இது பிழை" என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. பிரச்சினையில் பாதி அதுதான் என்கிறாள் என் மனைவி.

முதலில் ஒரு கருவியை நிறுவிக் கொடுத்தேன். பெட்டிகளைச் சொடுக்கியால் இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் வகை. நிரல் (நெடுக்கு வரிசை) எத்தனை, இடைவெளி எவ்வளவு, பின்னணி என்ன நிறம், எழுத்துக்கு நிழல் வேண்டுமா, படம் பறந்து வரவேண்டுமா என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பொத்தான் உண்டு. காட்டியபோது டீச்சரின் முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமைதான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் முகப்பில் ஏழு எழுத்துருக்கள், எல்லா வரியும் நடுவில், தலைவரின் புத்தாண்டு வாழ்த்து இடது பக்கத்திலிருந்து பறந்து வந்து நின்றது. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். தலைவருக்கு அது பிடித்தும் இருந்தது.

கடந்த வருடம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரே கிழமையில் ஊரில் இரண்டு மரணங்கள். ஒரு அம்மா, ஒரு ஐயா. டீச்சர் இரண்டு அறிவித்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். மேலே இரண்டு நிரல்கள் கொண்ட ஒரு நிரை (கிடை வரிசை): இடது பக்கம் அம்மாவின் படம், வலது பக்கம் ஐயாவின் படம். அதற்குக் கீழே இன்னொரு நிரை: இடது பக்கம் அம்மாவின் விபரம், வலது பக்கம் ஐயாவின் விபரம். மடிக்கணினியில் பார்த்தால் பத்திரிகையில் அச்சடித்ததுபோல் அவ்வளவு ஒழுங்கு.

கைபேசியில் என்ன நடந்திருக்கும் என்று தொழில் தெரிந்தவர்கள் இந்நேரம் தலையில் கைவைத்திருப்பீர்கள். திரை ஒடுங்கியதும் நிரல்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. முதல் நிரை முழுவதும் இறங்கி முடிந்த பின்னர்தான் இரண்டாவது நிரை இறங்கும். எனவே அம்மாவின் படம், ஐயாவின் படம், அம்மாவின் விபரம், ஐயாவின் விபரம் என்ற வரிசையில் பக்கம் நின்றது. முறுக்கு மீசை வைத்த ஐயாவின் படத்துக்கு நேர் கீழே "அன்னார் காலஞ்சென்றவரின் அன்பு மனைவியும்..." என்று தொடங்குகிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு சூரிச்சிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் ஐயாவின் மகன். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுதார்.

மறுநாளே அந்தக் கருவியைத் தூக்கினேன். பதிலுக்கு ஒரு படிவம் செய்தேன். பெயர், பிறந்த திகதி, மறைந்த திகதி, படம், விபரம் என்று ஐந்து கட்டங்கள். நிரப்பி அனுப்பினால் பக்கம் தானாக அமையும். எழுத்துரு, நிறம், இடைவெளி எதையும் தொட முடியாது. பிழை விடவே வழியில்லாத அமைப்பு என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

டீச்சர் பார்த்தார். "நல்லாயிருக்கிறது தம்பி" என்றார். அதன் பிறகு உள்நுழையவே இல்லை. அறிவித்தல்களைக் கொப்பித் தாளில் எழுதி, படம் பிடித்து, வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறார். மார்கழியில் மட்டும் பதினொன்று வந்தன. இரவில் இருந்து தட்டச்சு செய்தது நான். சம்பளமில்லாத எழுதுவினைஞர் ஆகிவிட்டேன்.

என் கேள்வி இதுதான். எல்லாம் செய்யக்கூடிய கருவியைக் கொடுத்தால் பக்கம் உடைகிறது. உடையாத கருவியைக் கொடுத்தால் ஆள் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் எதை வைத்துக் காலம் தள்ளுகிறீர்கள்? வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூப்பலுக்கு மாறு என்கிறான் ஒரு நண்பன். அவன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வான். தலையிடிக்கும் அதைத்தான் சொல்வான்.

அச்சுக்கூடத்தார், அக்கரைப்பற்று:

தம்பி, எனக்கு இணையத்தளம் செய்யத் தெரியாது. மகன் செய்கிறான், நான் பக்கத்தில் இருந்து குறை சொல்கிறேன். ஆனால் பக்கம் கட்டுவதில் முப்பது வருடம் போயிருக்கிறது. அதனால் இரண்டு வார்த்தை.

அச்சுப் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரை அல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்டது. நான் அதைத் தொட்டபோது அது அடோபியின் கைக்குப் போய்விட்டிருந்தது. அதற்கு முன்னர் ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன் நான். ஈய எழுத்தில் ஒரு வரியைச் சற்றே சாய்க்கவேண்டுமென்றால் அரை நாள் வேலை, ஆகவே யாரும் கேட்கமாட்டார்கள். பேஜ்மேக்கர் வந்ததும் எதையும் எங்கேயும் வைக்கலாம் என்றாயிற்று. என் முதல் வருடத்து வேலைகளை இப்போது எடுத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழில் பதினொரு வகைப் பூ வைத்திருக்கிறேன். உங்கள் டீச்சரின் ஏழு எழுத்துரு எந்த மூலைக்கு?

வாடிக்கையாளர்கள் என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். "கொஞ்சம் இடப்பக்கம். இல்லை, முந்தி இருந்த இடமே நல்லது." ஒரு கலியாண அட்டைக்கு மூன்று மணித்தியாலம். கடைசியில் ஒரு வேலை செய்தேன். அதுவரை அடித்த அட்டைகளில் நல்லதாக நாற்பதைப் பொறுக்கி, ஒரு ஆல்பத்தில் ஒட்டி, மேசையில் வைத்தேன். வருபவர் புரட்டுவார். "இதுமாதிரி வேண்டும், ஆனால் பிள்ளையாரைப் பெரிதாக்குங்கள்" என்பார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சுதந்திரத்தைப் பறித்துவிட்டான் என்று ஒருவரும் குறை சொன்னதில்லை. நாற்பதில் ஒன்றைத் தாமே தெரிவுசெய்தோம் என்ற திருப்தியோடுதான் போனார்கள். அந்த ஆல்பம் இன்றைக்கும் இருக்கிறது, ஒட்டிய பசையைக் கறையான் தின்றுவிட்டது.

நீங்கள் டீச்சருக்கு முதலில் கொடுத்தது வெறும் மேசையும் கத்தரிக்கோலும். பிறகு கொடுத்தது ஒரேயொரு அட்டை. ஆல்பம் எங்கே?

இன்னொன்று கேட்கவேண்டும். அந்த இரண்டு அறிவித்தலையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்? ஒன்றின்கீழ் ஒன்றாகப் போடுவதல்லவா இலகு? நிரை போட்டு, நிரல் பிரித்து, இரண்டு தரம் செய்திருக்கிறார். அவ்வளவு மினக்கெட்டிருந்தால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கவேண்டும். கேட்டீர்களா?

மருதமுனை நானா:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் நெசவு ஊரின் பெயரைப் பார்த்ததும் பாவு, ஊடை என்று நெசவு உவமை வரும் என்று காத்திருப்பீர்கள். வராது. எங்கள் வீட்டில் தறி வாப்பாவோடு முடிந்தது. நான் கணினிக்காரன்.

அச்சுக்கூடத்தார் சொன்ன ஆல்பம் வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கிறது, வேறு பிளகின் தேவையில்லை. 2018 டிசெம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து பக்கம் என்பது பிளாக்குகளின் அடுக்கு; ஒரு பத்தி, ஒரு படம் என்று ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். சில பிளாக்குகளைச் சேர்த்து ஒரு மாதிரியாகச் சேமிக்கலாம். டீச்சர் அந்த மாதிரியைச் சொடுக்கினால் ஒரு பிரதி பக்கத்தில் வந்து விழும், பெயரையும் படத்தையும் மாற்றினால் போதும். 2022 மே மாதத்து 6.0 பதிப்பிலிருந்து ஒரு பிளாக்கை நகர்த்தவோ நீக்கவோ முடியாமல் பூட்டவும் முடிகிறது. அதற்கடுத்து, ஒரு குழுவுக்குள் எழுத்தையும் படத்தையும் மட்டும் மாற்றலாம், அமைப்பைத் தொட முடியாது என்னும் வகைப் பூட்டும் வந்தது. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஒரு குழியைச் சொல்லிவிடுகிறேன், நான் விழுந்தது. மாதிரியைச் சேமிக்கும்போது அது ஒத்திசைவோடு வேண்டுமா, இல்லாமலா என்று ஒரு கேள்வி வரும். ஒத்திசைவுள்ள மாதிரியை ஓரிடத்தில் திருத்தினால் அது போடப்பட்ட எல்லா இடத்திலும் மாறும். சங்கத்தின் வங்கிக் கணக்கு இலக்கம், தொடர்பு முகவரி போன்றவற்றுக்கு அது தங்கம். மரண அறிவித்தலுக்கு அதைப் போட்டால், இந்த மாதம் இறந்தவரின் பெயரை எழுதியதும் போன வருடம் இறந்தவர்கள் எல்லோருக்கும் அதே பெயர் வந்துவிடும். நான் விழுந்தது விலைப்பட்டியலில், ஆகவே தப்பினேன். ஒரு சாரத்தின் விலையை மாற்றினேன், கடையிலிருந்த அத்தனை சாரமும் ஒரே விலைக்கு வந்தது.

ஒத்திசைவில்லாத மாதிரிக்கும் ஒரு விலை உண்டு. அது வெறும் பிரதி. ஒரு வருடம் கழித்து அறிவித்தலின் அமைப்பை மாற்ற நினைத்தால் பழைய பக்கங்களுக்கு அது போய்ச் சேராது, ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். தம்பி செய்த ஐந்து கட்டப் படிவத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு வார்ப்புருவை மாற்றினால் எல்லாம் மாறும். நண்பர் சொல்லும் ட்ரூப்பலிலும் இதே இழுபறிதான். 2019 மே மாதம் வந்த 8.7 பதிப்பில், பக்க அமைப்பைக் கட்டும் லேஅவுட் பில்டர் நிலையான கருவியாக உள்ளே சேர்ந்தது. ஒரு வகைப் பக்கத்துக்கெல்லாம் ஒரு பொது அமைப்பைத் தீர்மானிக்கலாம். அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் சரி போட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகவும் மாற்ற அனுமதி கிடைக்கும். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் ஒருவர் ஒரு பக்கத்தைத் தனியாக மாற்றிச் சேமித்த நொடியே அந்தப் பக்கம் பொது அமைப்பிலிருந்து கழன்றுவிடுகிறது. பிறகு நீங்கள் பொது அமைப்பில் என்ன திருத்தினாலும் அதற்குத் தெரியாது. ஒரு அரச சார்பற்ற நிறுவனத்துக்குச் செய்த தளத்தில் நான் அந்தச் சரியைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் அறுபது பக்கம் கழன்று, ஒவ்வொன்றும் தன் பாட்டில் நின்றது. ஒரு இலச்சினையை மாற்ற இரண்டு நாள்.

ஆகவே கருவியை மாற்றுவதால் மட்டும் இது தீராது. எது எல்லாப் பக்கத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும், எது பக்கத்துக்குப் பக்கம் மாறலாம் என்று ஒரு தாளில் எழுதாதவரை எந்தக் கருவியும் இதே கூத்தைத்தான் ஆடும்.

எழுத்துரு, நிறம் பற்றிக் கவலைப்படவேண்டாம். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் கோப்புறையில் தீம்.ஜேசன் (theme.json) என்று ஒரு கோப்பு இருக்கும், 2021இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதில் ஐந்து நிறம், இரண்டு எழுத்துரு என்று எழுதி, வேறு நிறம் தெரிவுசெய்யும் வசதியையும் வேர்ட்பிரஸ் தானாகத் தரும் நிறங்களையும் அணைத்துவிட்டால் டீச்சருக்கு அந்த ஐந்துதான் தெரியும். மறுக்கப்பட்டது என்ற உணர்வே வராது, மற்றவை கண்ணிலேயே படாது. தமிழுக்கு வரி உயரத்தையும் அங்கேயே 1.7 அளவில் வைத்துவிடுங்கள். ஆங்கிலத்துக்கென்று அமைத்த 1.4இல் மேல்வரியின் "கு", "மூ" எல்லாம் கீழ்வரியின் "தி"யோடு முட்டப்பார்க்கும். வரிகளை இருபக்கமும் நேராக்கவும் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம். கைபேசித் திரையில் வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும். அவற்றை இழுத்து இரண்டு கரையிலும் ஒட்டவைத்தால் நடுவில் கல்லடி வாவிபோல் இடைவெளி தெரியும்.

அறுகம்பைக்காரி:

இவ்வளவு நேரமும் பூட்டு, பூட்டு என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பூட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவளும் ஒரு வார்த்தை சொல்லலாமா?

எனக்கு ஆறு அறைகளுள்ள சின்ன விடுதி. இங்கே அலைச்சறுக்குக்காரர்கள் வரும் பருவம் சித்திரையில் தொடங்கி ஐப்பசியோடு முடிகிறது. அந்த மாதங்களில் உழைத்தால்தான் மாரியில் சாப்பாடு. இணையத்தளத்தை ஒரு ஆளிடம் காசு கொடுத்துச் செய்வித்தேன். அவரும் தம்பியைப் போலத்தான், பிழை விடவே முடியாத தளம் என்று சொல்லித் தந்தார். உண்மைதான். அறை விலையை மட்டும் மாற்றலாம், வேறு ஒன்றையும் தொட முடியாது. பருவம் தொடங்கும் நேரம் "காலைச் சாப்பாடு சேர்த்து" என்ற வரியை விலைக்கு மேலே கொண்டுவர நினைத்தேன். அது பக்கத்தின் அடியில், வரைபடத்துக்கும் கீழே கிடந்தது. ஒரு வரியை மேலே தூக்க அவருக்கு அழைப்பெடுக்கவேண்டும். அவர் மூன்று நாள் எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்து, அதற்கு ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு ஒரு அறையை இரண்டு இரவு வாடகைக்கு விடலாம்.

பருவம் முடிந்ததும் அந்தத் தளத்தை விட்டுவிட்டு, நீங்களெல்லாம் பயப்படுகிற அதே இழுத்துப் போடும் கருவியில் நானே புதிதாகச் செய்தேன். மூன்று கிழமை பிடித்தது. மகள் சிரித்தாள், முதல் நாள் செய்த பக்கத்தில் முகப்புப் படம் தலைகீழாக நின்றது. இப்போதும் என் பக்கம் மெதுவாகத்தான் திறக்கிறது. மகளின் நண்பன் ஒருவன் பார்த்துவிட்டு, ஒரு சிறிய வரியைச் சுற்றி ஒன்பது பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன என்றான். லைட்ஹவுஸ் என்று பக்கத்தின் வேகத்தைச் சோதிக்கும் ஏதோ ஒன்றை வைத்துப் பார்த்து, பெட்டிகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்றும் சொன்னான். இருக்கட்டும். பொத்துவில் பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளை காலைச் சாப்பாடு உண்டா என்று இப்போது கேட்பதில்லை.

தம்பி, டீச்சர் சின்னப் பிள்ளையல்ல. பின்னக் கணக்கை நாற்பது பேருக்கு விளங்கப்படுத்தத் தெரிந்தவருக்கு, திரை ஒடுங்கினால் நிரல் கீழே இறங்கும் என்பது விளங்காதா? நீங்கள் அதை அவருக்கு ஒருமுறையாவது கைபேசியில் காட்டினீர்களா? அல்லது அழைப்பு வந்த மறுநாள் சத்தமில்லாமல் கருவியைப் பிடுங்கினீர்களா?

கல்லடித் தம்பி:

அக்கா, பிடுங்கித்தான் விட்டேன். அந்த இரண்டு மணி அழைப்பைப் பற்றி டீச்சருக்கு நான் சொல்லவே இல்லை. அவர் மனம் நோகும் என்று நினைத்தேன். கருவியில் ஏதோ கோளாறு, புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன். அதை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அச்சுக்கூடத்தார் கேட்ட கேள்வி இரண்டு நாள் நித்திரையைக் கெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். தேநீர் வந்தது. பழைய கருவியை என் மடிக்கணினியில் திறந்து, "டீச்சர், நான் பேசமாட்டேன், நீங்கள் வழக்கமாகச் செய்வதுபோல் ஒரு அறிவித்தல் போடுங்கள்" என்றேன். பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்கு வியர்த்தது. படத்துக்குப் பக்கத்தில் பெயரைக் கொண்டுவர அவர் இடைவெளிக் கட்டையைத் தட்டுகிறார். எண்ணினேன், முப்பத்தெட்டுத் தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணாடியை உயர்த்தி எழுத்து எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார். அந்தக் கருவியில் இருநூறு பொத்தான் இருந்தது, படத்துக்குப் பக்கத்தில் எழுத்து என்ற ஒன்று அவர் கண்ணில் படும் இடத்தில் இல்லை. என் ஐந்து கட்டப் படிவத்திலோ படம் எப்போதும் மேலே, பெயர் எப்போதும் கீழே. அவருக்கு வேண்டியிருந்த அந்த ஒன்றை நான் இரண்டு தரமும் கொடுக்கவில்லை.

பிறகு கேட்டேன், அன்றைக்கு ஏன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டீர்கள் என்று. டீச்சர் என்னைப் பார்த்த பார்வை, நான் வாய்ப்பாட்டில் பிழை விட்டபோது பார்த்த அதே பார்வை.

"யாரை மேலே போடச் சொல்கிறாய்? ஒன்று ஒரு குடி, மற்றது மற்றக் குடி. கோயிலில் யாருக்கு முன்னீடு என்று இரண்டு குடிக்கும் இன்னும் கதை நடக்கிறது. ஒருவரை மேலே, ஒருவரைக் கீழே போட்டால் எட்டுச் செலவு முடியும்வரைக்கும் அதைத்தான் பேசுவார்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை."

குடி என்றால் எங்கள் பக்கத்தில் தாய்வழி வம்சம்; முன்னீடு கோயிலில் முதல் மரியாதை; எட்டுச் செலவு இறந்தவருக்கான எட்டாம் நாள் சடங்கு. நிரல் வைத்த எந்தக் கருவியின் விளக்கப் பக்கத்திலும் இது எழுதியிருக்காது. நான் அலங்காரம் என்று நினைத்தது ஊர்ச் சண்டை வராமல் காத்த அணை.

அப்போதுதான் சூரிச் அழைப்பைச் சொன்னேன். கைபேசியில் அந்தப் பழைய பக்கத்தின் பிரதியைத் திறந்து காட்டினேன். மீசைக்குக் கீழே மனைவி. டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றுதான்: "இதை ஏன் ஒரு வருடமாகச் சொல்லவில்லை?" பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

நிரல் எப்படி இறங்குகிறது என்பதை உலாவியின் சாளரத்தை ஒடுக்கி ஒடுக்கிக் காட்டினேன். மூன்றாம் தடவை அவரே சொடுக்கியை வாங்கி ஒடுக்கிப் பார்த்தார். "அப்படியென்றால் படத்தையும் பெயரையும் ஒரே பெட்டிக்குள் போட்டுக் கட்டினால் சரிதானே?" என்றார். ஆம், அவ்வளவுதான். அக்கா சொன்னது சரி.

நானாவிடம் ஒரு கேள்வி. படமும் எழுத்தும் பக்கத்தில் நிற்கும் பிளாக் வேர்ட்பிரஸில் இருக்கிறது. அதை ஒரு குழுவாக்கி, உள்ளே பூட்டி, இரண்டு குழுக்களை இரண்டு நிரலில் வைக்க டீச்சருக்கு இடம் கொடுக்க நினைக்கிறேன். இதில் ஏதாவது குழி?

மருதமுனை நானா:

பெரிய குழி இல்லை. படமும் எழுத்தும் பிளாக்கில், கைபேசியில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கு என்ற தெரிவு இயல்பாகவே போடப்பட்டிருக்கும். திரையின் அகலம் 600 பிக்சலுக்கு (திரைப்புள்ளிக்கு) ஒடுங்கினால் படம் மேலே போய்விடும். ஒரே பெட்டி என்பதால் பெயர் மாறாது, ஆனால் பக்கத்தில் நிற்கவேண்டும் என்றால் அதை அணைத்துப் படத்தின் அகலத்தைக் குறையுங்கள். வெளியேயுள்ள நிரல்கள் 782 பிக்சலுக்குக் குறைந்தால் இறங்கும். அதையும் அணைக்கலாம், அணைக்கவேண்டாம். கைபேசியில் இரண்டு அறிவித்தல் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரு வரிக்கு ஒரு சொல்தான் கொள்ளும், "பூதவுடல்" இரண்டாக உடையும்.

ஆகவே கைபேசியில் ஒன்று மேலே, ஒன்று கீழேதான் வரும். குடிச் சண்டைக்கு என்னிடம் பிளகின் இல்லை.

அச்சுக்கூடத்தார், அக்கரைப்பற்று:

பத்திரிகைகளில் அந்தக் காலத்தில் அகர வரிசையில் போடுவார்கள். ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குள் எடுபடுமோ தெரியாது.

கல்லடித் தம்பி:

அகர வரிசையை டீச்சரிடம் சொன்னேன். "அப்படியென்றால் அகரத்தில் தொடங்கும் குடிக்கு வாழ்நாள் முழுக்க முதலிடமா?" என்று கேட்டுத் தள்ளிவிட்டார். அவரே ஒரு விதி போட்டார்: யாருடைய நல்லடக்கம் முந்தி நடக்கிறதோ அவர் முதலில். பார்ப்பவருக்கு அதுதானே அவசரம். அதைப் பக்கத்தின் தலைப்பில் ஒரு வரியாக எழுதியும் வைத்தார், ஒத்திசைவுள்ள மாதிரியாக. எப்படி என்று காட்டியது நான், எழுதியது அவர்.

இப்போது ஆல்பத்தில் ஆறு மாதிரிகள் இருக்கின்றன. ஒருவருக்கான அறிவித்தல், இருவருக்கான அறிவித்தல், நன்றி நவிலல், சடங்கு விபரம், புலமைப்பரிசில் படங்கள், பொதுக்கூட்டம். உள்ளே பூட்டு, வெளியே பூட்டில்லை. மாதிரி எதுவும் பொருந்தாவிட்டால் வெறும் பிளாக்குகளால் தானே கட்டவும் வழி விட்டிருக்கிறேன். அதைப் பூட்ட மனம் வரவில்லை, அக்காவின் காலைச் சாப்பாடு நினைவில் நின்றது. வெளியிடுவதற்கு முன்னர் கைபேசி முன்தோற்றத்தைப் பார்ப்பது டீச்சரின் வழக்கமாகிவிட்டது. என்னுடைய இரண்டு பக்கங்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்லியும் விட்டார்.

பழைய அறிவித்தல்கள் ஐந்து கட்டப் படிவத்திலேயே கிடக்கின்றன. அவற்றைப் புதிய அமைப்புக்கு மாற்றவில்லை, மாற்றும் உத்தேசமும் இல்லை.

போன கிழமை டீச்சர் அழைத்தார். வைகாசிச் சடங்குப் பக்கத்துக்குச் சிவப்பு வேண்டுமாம், ஐந்து நிறத்தில் சிவப்பு இல்லையாம், அம்மனுக்குச் சிவப்பில்லாமல் எப்படி என்கிறார். தீம்.ஜேசனைத் திறந்து ஆறாவதாக ஒரு சிவப்பைச் சேர்த்தேன். இன்று காலை போய்ப் பார்த்தேன். மரண அறிவித்தலைத் தவிர தளத்திலுள்ள எல்லாத் தலைப்பும் சிவப்பு.